படத்தில் கால் இல்லை

என் மகனைக் கேட்டு அமெரிக்காவிலிருந்து வந்த முதல் செய்தியை நான் வேலை செய்யும் வீட்டுச் சமையலறையில் நின்றுதான் வாசித்தேன். இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்தின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் மேல்மாடி அது. இந்த ஊர்க்காரர் அவித்துத் தின்னும் கார்ச்சோஃபி மொட்டுகளின் முள்நுனியை வெட்டி எலுமிச்சைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தேன். செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. என் ஆங்கிலம் சவர்க்காரத்தூள் பெட்டியை வாசிக்க மட்டும் போதும். ஆகவே தமிழாக்கும் பொத்தானை அழுத்தினேன். போன் இப்படிச் சொன்னது: "உங்கள் மகனை ஆட்சேர்ப்பு செய்ய விரும்புகிறோம். அவரது கால் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது."

கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். வேறு நாட்டுத் தாய் என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். நான் மன்னார்ப் பக்கம். ஆட்சேர்ப்பு என்ற சொல்லுக்கு எங்களிடம் ஒரே ஒரு பொருள்தான் உண்டு. சண்டைக் காலத்தில் மீசை அரும்பாத பிள்ளைகளைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஆட்கள் வருவார்கள். பிள்ளை பிடிக்கிறது என்றுதான் அதை நாங்கள் சொல்லுவோம். கடல் தாண்டி வந்து, இத்தனை வருடம் மற்றவர்களின் வீடு துடைத்து, ஒரு பிள்ளையை வளர்த்து எடுத்தால், அந்தச் சொல் போனுக்குள்ளால் வந்து சமையலறையில் நிற்கிறது. எனக்குப் பயத்தை விட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

மகன் பந்து அடிப்பவன். எல்லாரும் விளையாடும் பந்து அல்ல. சின்ன வயதில் அதுதான் விளையாடினான். பிறகு, பலாப்பழக் கொட்டை மாதிரி இரண்டு பக்கமும் கூரான பந்தை வைத்து அமெரிக்கர் விளையாடுவார்களே, அதற்கு மாறினான். பலேர்மோவிலும் அதற்கு ஒரு குழு இருக்கிறது என்பதை அவன் தலைக்கவசத்தோடு வீட்டுக்கு வந்த அன்றுதான் அறிந்தேன். ஒருவரை ஒருவர் ஓடிவந்து மோதுவதுதான் அந்த விளையாட்டே. நான் சத்தம் போட்டேன். "அம்மா, நான் உதைக்கிற ஆள். உதைக்கிறவனை ஒருத்தரும் தொடக்கூடாது, அது சட்டம்" என்றான். இரண்டு கம்பங்களுக்கு நடுவால் பந்தைத் தூக்கி அடிப்பதுதான் அவன் வேலை. அடித்துவிட்டு ஓரமாக வந்துவிடலாம். அந்தச் சட்டத்துக்காகத்தான் அவனை விட்டேன்.

செய்தி அனுப்பியவர் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியின் பந்துப் பயிற்சியாளர். பிறகு, அவர் எப்படி அவனைக் கண்டுபிடித்தார் என்று விசாரித்தேன். மகன் தான் அடிக்கும் அடிகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறான். பெரிய கல்லூரிகள் விமானத்தில் ஆள் அனுப்பிப் பிள்ளைகளைப் பார்க்குமாம். சின்னக் கல்லூரிகளுக்கு அதற்கு வசதி இல்லை. அங்கே பயிற்சி கொடுப்பவரே பிள்ளைகளை ஏற்றும் வானும் ஓட்டுவார், சட்டைகளும் தோய்ப்பார், மிச்ச நேரத்தில் போனை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பிள்ளை தேடுவார். விளையாட்டுக்கென்று உதவிப்பணம் கொடுக்க அந்தக் கல்லூரிக்கு அனுமதி இல்லை. படிப்புப் புள்ளியைக் காட்டிக் கட்டணத்தைக் குறைப்பார்கள். ஆகவே அவர் முதலில் காலைப் பற்றிக் கேட்பார், அடுத்ததாகக் கணக்குப் பாடத்தைப் பற்றிக் கேட்பார். சேருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் இடையில் நின்றுவிடுவதால் தேவைக்கு மேலேயே சேர்ப்பார்களாம்.

"நிண்டுபோற பிள்ளையள் பிறகு எங்கை போறவை?" என்று கேட்டேன்.

"வேற எங்கையாவது போவாங்கள் அம்மா. எனக்கென்ன தெரியும்?"

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

அவர் கேட்டபடி மகன் எடுத்து அனுப்பிய படங்களை நானும் பார்த்தேன். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அவன் நேராக நிமிர்ந்து நின்று தன் பெயர், உயரம், எடை, பள்ளி முடியும் ஆண்டு ஆகியவற்றைச் சொல்லுவான். அது அவர்களின் முறையாம். பிறகு யாருமே இல்லாத மைதானத்தில் தனியாக நடந்துபோய்ப் பந்தை உதைப்பான். பந்து மேலே போய்ப் படத்தை விட்டு வெளியேறிவிடும். வெறும் புல்லும் அவனும்தான் தெரியும். பந்து எவ்வளவு நேரம் ஆகாயத்தில் நிற்கிறது என்பதைத்தான் அவர் அளப்பாராம். அது விழுகிற சத்தம் வரும்வரை என்னால் மூச்சுவிட முடியாது.

அந்தப் பயிற்சியாளர் வாராவாரம் வீடியோவில் கதைப்பார். எங்களுக்குப் பின்னேரம், அவருக்கு மதியம். சிவந்த முகம், தொப்பி, நல்ல பல். எப்போதும் ஜன்னல் இல்லாத ஓர் அறையில்தான் இருப்பார். முதுகுக்குப் பின்னால் உடுப்பு வைக்கும் சின்னச் சின்ன மரத்தட்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு சட்டை. ஒருநாள் போனைத் திருப்பி ஒரு தட்டைக் காட்டினார். அதில் என் மகனின் பெயர் ஒட்டியிருந்தது. அவன் அந்த நாட்டில் கால் வைக்கவில்லை, நாங்கள் ஓம் என்று சொல்லவில்லை. அங்கே அவனுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. "நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்" என்று அவர் சொன்னதை மகன் சந்தோஷத்தோடு தமிழில் சொன்னான். அதே வசனத்தை நான் என் பதின்மூன்றாவது வயதில் வகுப்பறையில் இருந்து கேட்டிருக்கிறேன்.

இன்னொரு நாள், தகப்பனைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். பிள்ளை இன்னும் எவ்வளவு வளருவான் என்பதைப் பெற்றவர்களைப் பார்த்துத்தான் கணிப்பார்களாம். என் மனுசன் உணவகச் சமையலறையில் நின்று களைத்து வந்தவர், கட்டையான ஆள். பாவம், குதிக்காலைத் தூக்கிக்கொண்டு மகனுக்குப் பக்கத்தில் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததாகப் பயிற்சியாளர் என்னை எழும்பி நிற்கச் சொன்னார். நான் எழும்பவில்லை. "அவருக்குச் சொல்லு, அம்மாவுக்குக் கால் நோகுது எண்டு" என்றேன். கடைசிவரை என்னை அளக்க விடவில்லை.

பிறகுதான் அந்தச் சிரொக்கோ நாள் வந்தது. ஆபிரிக்காவில் இருந்து மணலைக் கொண்டுவரும் காற்று அது. காலையிலேயே வானம் மஞ்சள். கால்சாவில் கடலும் தெரியவில்லை, கப்பலும் தெரியவில்லை. வீட்டு எசமானி சின்யோரா எல்லா ஜன்னலையும் சாத்தச் சொல்லிவிட்டார். அவர் வீட்டில் வேலை முடியும்வரை போன் பைக்குள்தான் இருக்க வேண்டும். பின்னேரம் வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் திரை நிறையத் தவறிய அழைப்புகள். எங்கள் பங்குக் கோவில் ஆட்கள், பல்லரோச் சந்தையில் கடை வைத்திருப்பவர், ஊர்க்காரர். ஒருவர் கும்பிடும் கைகளை மட்டும் அனுப்பியிருந்தார். இன்னொருவர் ஒரு மெழுகுதிரி.

எங்கள் கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் அக்காவுக்கு எடுத்தேன். எங்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துபவர், வாயடங்காத மனுசி. அன்றைக்கு அவருடைய குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

"தங்கச்சி, எங்கை நிக்கிறாய்?"

"வேலையாலை வாறன். என்னக்கா?"

"பக்கத்திலை ஆரும் நிக்கினமோ?"

எங்கள் ஆட்கள் சாவைச் சொல்லும் முறை இதுதான். யாரும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்பார்கள், ஆறுதலாக வா என்பார்கள்.

"ஆரக்கா? சொல்லுங்கோ, ஆர்?"

"ஒண்டும் யோசிக்காதை. மெல்ல மெல்ல வீட்டை வா, பிள்ளை."

மகனுக்கு எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மனுசனுக்கு எடுத்தேன், சமையலறையில் நிற்கும்போது அவர் எடுக்கமாட்டார். எங்கள் வீடு இருக்கும் ஒரேத்தோவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கண்ணாடிக்கு வெளியே தெருவெல்லாம் செம்மண் நிறம். இந்த ஊரிலும் செத்தவர்களின் படத்தைப் பெயரோடு மதிலில் ஒட்டுவார்கள். மற்ற நாள் கண்ணில் படாத அந்தப் படங்கள் எல்லாம் அன்றைக்கு என்னையே பார்த்தன. ஒவ்வொரு மதிலிலும் மகனின் முகத்தைத் தேடினேன். தேடாதே என்று என்னை நானே பேசிக்கொண்டேன். அப்படியும் தேடினேன்.

வீட்டு வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். கோவிலில் இருந்து பிளாஸ்டிக் கதிரை வந்து இறங்கியிருந்தது. வெள்ளை உடுத்தவர்களும் இருந்தார்கள். என்னைக் கண்டதும் கீழ்த்தளத்து அக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார். "நல்ல பிள்ளையெல்லோ, என்ன குறை வைச்சனீ? ஏன் இப்பிடிச் செய்தவன்?" என்றார். நான் அழவில்லை. என்ன நடந்தது என்று கேட்டேன். யாரோ ஒரு போனை என் கையில் வைத்தார்கள்.

மகனின் படம். பின்னால் ஒரே இருட்டு, மேலிருந்து ஒரு வெளிச்சம் விழுகிறது. நான் ஒருநாளும் கண்டிராத நீலச் சீருடை போட்டிருக்கிறான். சிரிக்கவில்லை. கீழே பெயர், அதற்குக் கீழே இரண்டு ஆண்டுகள், நடுவில் சின்னக் கோடு. இடுப்புக்குக் கீழே வெறும் புகை. என் பிள்ளைக்கு அந்தப் படத்தில் கால் இல்லை.

தலைக்கு மேலே பெரிய எழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது. கொமிட்டட். அந்தச் சொல்லை எங்கள் ஆட்கள் ஆங்கிலப் பத்திரிகையில் தற்கொலை என்ற சொல்லோடு மட்டும்தான் கண்டிருக்கிறார்கள். ஆகவேதான் எப்படி நடந்தது என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. மகன் அந்தப் படத்தை மதியம் தன் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான். பலேர்மோத் தமிழர் முழுப்பேரும் பார்த்துவிட்டார்கள். தாய் பார்க்காதபடி மறைத்துத்தான் அவன் எப்போதும் போடுவான். அதனால் நான் மட்டும் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எனக்குத் தெரியாது. வாசல் பக்கம் ஒரு பெண் "இயேசுவே!" என்று கத்தினாள். எல்லாரும் இரண்டு பக்கமும் விலகினார்கள். நடுவால் தலைமயிர், கண்ணிமை, கழுத்து எல்லாம் செம்புழுதி படிந்த ஓர் உருவம் வந்தது. தோளில் ஒரு பை. யாரும் அதைத் தொடவில்லை. நான் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தேன். ரப்பர் செருப்புக்குள் இரண்டு கால்கள். வலது காலில் சின்ன விரல் பக்கத்து விரலின் மேல் ஏறியிருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

"கீ சுச்செஸ்ஸி?" என்று, போனைப் பைக்குள் போட்டுவிட்டு இவ்வளவு நேரமும் மைதானத்தில் நின்றவன் சிசிலியர் மாதிரியே கேட்டான். பிறகு தமிழில், "என்னம்மா நடந்தது? ஆர் செத்தது?"

"நீதான்ரா செத்தது, மூதேவி!" என்று அக்கா அவன் முதுகில் ஒன்று போட்டார். போட்டுவிட்டு அந்த முதுகையே தடவிக்கொண்டு நின்றார்.

அது செத்த படம் இல்லையாம். சின்னக் கல்லூரிகள், தாங்கள் விரும்பும் பிள்ளையின் முகத்தைத் தங்கள் சீருடையில் ஒட்டி, புகையும் வெளிச்சமும் போட்டு, அழகுபடுத்தி அனுப்பிவைப்பார்களாம். பிள்ளை அதை ஊருக்கெல்லாம் காட்டுவான்; அதைப் பார்த்து இன்னும் நாலு பிள்ளைகள் வருவார்கள். அந்த இரண்டு ஆண்டும் கல்லூரியில் சேரும் ஆண்டும் முடிக்கும் ஆண்டும். கழித்துப் பார்த்திருந்தால் செத்தது நாலு வயதுக் குழந்தை என்று வந்திருக்கும். கணக்கை யார் பார்த்தது? கொமிட்டட் என்றால் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று பொருளாம். எல்லாரும் சிரித்தார்கள். கதிரைகளைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கடைசிச் சொல் காதில் நின்றது.

"ஆரைக் கேட்டு வாக்குக் குடுத்தனீ?"

"கையெழுத்து ஒண்டும் இல்லை அம்மா. வாயாலை ஓம் எண்டு சொன்னனான், அவ்வளவுதான்."

அவனைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். அவன் பிறந்த நாள் தொடக்கம் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொன்னேன். எங்கள் வீட்டுச் சுவரில் பள்ளிச் சட்டையோடு இருக்கும் என் அண்ணன், இவனுடைய மாமா, காய்ச்சலில் சாகவில்லை. பள்ளிக்கு ஆட்கள் வந்தார்கள், நல்ல தமிழில் கதைத்தார்கள், நாங்கள் ஒரே குடும்பம் என்றார்கள். அடுத்த நாள் அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. பிடித்துக்கொண்டு போனார்களா, தானாகப் போனானா என்பது இன்றைக்கு வரை எங்களுக்குத் தெரியாது. அம்மா முகாம் வாசலுக்குப் போய்க் கேட்டபோது, கூட்டிவந்த ஆள் இப்போது இங்கே இல்லை என்றார்கள். அடுத்த வருடம் ஒரு பெட்டி வந்தது, மூடியே வந்தது. கூடவே ஒரு படம். நாங்கள் கண்டிராத சீருடை, மார்புவரை மட்டும். அம்மா பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்டார். முடியாது என்றார்கள். "முகம் வேண்டாம் தம்பிமார், வலது காலை மட்டும் காட்டுங்கோ. என்ரை பிள்ளையோ எண்டு பாத்துச் சொல்லுறன்" என்று கெஞ்சினார். அண்ணனுக்கும் அந்தச் சின்ன விரல் அப்படித்தான். அவர்கள் காட்டவில்லை. அந்தப் படத்தைப் பிறகு சோதனைக்கு வரும் ஆமிக்குப் பயந்து நாங்களே எரித்தோம்.

இன்றைக்கும் கடற்கரைக்குப் போனால் நான் அண்ணனின் வயதை ஒத்த ஆண்களின் காலைத்தான் பார்ப்பேன். அதையும் மகனிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்தான். செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொண்டான்.

"போகேல்லை எண்டு எழுதிவிடுறன் அம்மா."

அப்படி எழுதச் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. அவன் அந்த மைதானத்தில் தனியாக உதைத்த உதைகள் எல்லாம் எனக்குத் தெரியும். "பொறு. அந்த மனுசனிட்டை நான் ஒண்டு கேக்கவேணும்" என்றேன்.

அடுத்த வாரம் பயிற்சியாளர் வீடியோவில் வந்தார், அதே தொப்பி, அதே தட்டுகள். நான் கேள்வியைச் சொன்னேன். ஒரு சொல் மாற்றாமல் கேட்கவேண்டும் என்று மகனுக்குச் சொல்லியிருந்தேன். "என்ரை பிள்ளையைத் திருப்பித் தருவியளோ?" அவன் கேட்டான். அவர் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டு நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். முதல் தடவையாக அவருடைய வழுக்கையைப் பார்த்தேன். கொஞ்சம் வயதானவராகத் தெரிந்தார்.

"நத்தார் லீவுக்கு விடுதியைப் பூட்டிப்போடுவினமாம் அம்மா" என்றான் மகன். "ஒருத்தரையும் உள்ளை இருக்க விடமாட்டினமாம். போகவேணும் எண்டது சட்டமாம். தானே வான் ஓட்டிக் கொண்டுவந்து விமானத்துக்கு ஏத்திவிடுவாராம்."

குடும்பம், கனவு என்று அவர் அதுவரை சொன்ன எதையும் நான் நம்பவில்லை. வெளியே போ என்று கதவைப் பூட்டும் இடம் என்றதை மட்டும் நம்பினேன். போகலாம் என்றேன்.

விசா கிடைத்து, சூட்கேசும் வாங்கி வைத்த பிறகு ஒருநாள் அதே அறையிலிருந்து வேறொரு முகம் வந்தது. பழையவர் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டாராம். சின்ன இடங்களில் அவர்கள் அப்படித்தான் நிற்கமாட்டார்களாம். புதியவருக்கு எங்களைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. என் மனுசனின் உயரம்கூடத் தெரிந்திருந்தது. அவரும் குடும்பம் என்றார். கூட்டிவந்த ஆள் இப்போது இங்கே இல்லை. மகன் என்னைப் பார்த்தான். நான் கேட்காமலே அவன் அந்தக் கேள்வியைப் புதியவரிடமும் கேட்டான். அவரும் நத்தாருக்குக் கதவைப் பூட்டுவோம் என்றார்.

போய்விட்டான். இது அவனுடைய முதல் இலையுதிர்காலம். போன கிழமை, பயிற்சிக்குப் போகமுன் அந்த அறையில் இருந்து எடுத்தான். பின்னால் இருட்டு, மேலே ஒரு பல்பு, நீலச் சீருடை. அதே படம். ஒரு மயிர்கூட மாறாமல் அதே படம். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

"காலைக் காட்டு" என்றேன்.

"அம்மா, பக்கத்திலை எல்லாரும் நிக்கிறாங்கள்."

"காட்டடா."

போன் கீழே போனது. சீமெந்துத் தரை, வெறுங்கால்கள், மேலே ஏறிய சின்ன விரல். பக்கத்தில் ஒருவன் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான், மகன் நீளமாகச் சொன்னான், அதில் மாமாவின் பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. அப்போது பெரிய கறுத்த கால் ஒன்று உள்ளே வந்தது. அதற்குப் பக்கத்தில் கணுக்காலில் பட்டி சுற்றிய வெள்ளைக் கால் வந்தது. இன்னொன்று கிழிந்த காலுறையோடு வந்தது. முகம் தெரியாத பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து எனக்குக் காலைக் காட்டினார்கள். கடைசிப் பிள்ளை காட்டி முடிக்கும்வரை நான் போனை வைக்க விடவில்லை.